ஓசிக்கு இருபத்து நான்கு சொற்கள்: ஓர் ஆங்கிலப் பயிற்சிச் செயலியின் பாடம் குறித்து

கடந்த மூன்று மாதங்களாக நான் பயன்படுத்திவரும் ஓர் ஆங்கிலப் பேச்சுவழக்குப் பயிற்சிச் செயலியில், அடுத்தவர் செலவில் காலம் தள்ளுவதைக் குறிக்கும் சொற்களுக்கென்றே தனியாக ஒரு பாடம் இருக்கிறது. செயலியின் பெயரை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. குறைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பது ஒரு காரணம். இத்தகைய பாடத்தை எப்படித் தொகுக்க வேண்டும், எப்படித் தொகுக்கக் கூடாது என்பதே பெயரைவிட வாசகருக்குப் பயன்படும் என்பது மற்றொரு காரணம். முதல் இரண்டு பாடங்களை இலவசமாகத் தரும் இந்தச் செயலி, ஓசியைப் பற்றிய பாடத்தை மட்டும் கட்டணப் பகுதியில் வைத்திருக்கிறது என்பதையும், நான் சந்தா கட்டித்தான் படித்தேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளன். ஒப்பந்தங்கள், அறிக்கைகள், பயனர் கையேடுகள் போன்றவற்றின் ஆங்கிலத்தில் எனக்குச் சிக்கல் எழுந்ததில்லை. பல நாடுகளில் இருந்து வேலை செய்யும் ஒரு குழுவில் சேர்ந்த பிறகு, வேலை முடிந்து அவர்கள் பேசிக்கொள்ளும் ஆங்கிலம்தான் பிடிபடாமல் இருந்தது. ஒருவர் மற்றொருவரை ‘மூச்சர்’ என்று எழுதிச் சிரிப்புக் குறி போடுகிறார். அதே குழுவில் வேறொருவர் ‘ஸ்பஞ்சர்’ என்று எழுதியதும் அரை நாள் யாரும் பேசவில்லை. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் கிடைக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்த்துத்தான் செயலியை நாடினேன்.

பாடத்தில் மொத்தம் 24 சொல் அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் சொல், தமிழ் எழுத்தில் அதன் ஒலிப்பு, தமிழ்ப் பொருள், குரல் பதிவுடன் ஓர் எடுத்துக்காட்டு, தட்டினால் விரியும் ‘சொல்லின் கதை’ என்ற சிறு குறிப்பு ஆகியவை உள்ளன. கடைசியில் ஐந்து கேள்விகள் வருகின்றன. கேள்விகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அட்டையைப் பார்த்த கையோடு யாரும் சரியாக விடையளித்துவிடலாம்.

குரல் பதிவுகளுக்குத்தான் கொடுத்த பணம் தகும். ‘பம்’ என்ற சொல்லுக்கான பதிவை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஓர் ஆண் குரல், “கேன் ஐ பம் எ பென் ஆஃப் யூ?” என்று, கடைசி இரண்டு சொற்களையும் ஒன்றாக விழுங்கிவிட்டுக் கேட்கிறது. எதிரில் இருப்பவர் உடனே பதில் சொல்வதில்லை. மேசை இழுப்பறை திறக்கும் சத்தமும், பேனா மேசை மீது உருண்டு வரும் சத்தமும் கேட்கின்றன. அதன் பிறகு ஒரு பெண் குரல், அக்கறையே இல்லாத தொனியில், “கீப் இட்” என்கிறது. நான்கைந்து நொடிகளில் முடிந்துவிடும் இந்தப் பதிவு, அந்தச் சொல்லைப் பற்றி அறிய வேண்டிய பெரும்பாலானவற்றைச் சொல்லிவிடுகிறது: கேட்கப்படும் பொருள் சிறியது, கேட்பவரும் கொடுப்பவரும் சமமானவர்கள், திருப்பித் தருவதாக வாயால்கூட யாரும் சொல்வதில்லை, கொடுப்பவர் அதைக் கணக்கில் வைப்பதும் இல்லை. ‘இரவல்’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும், ஏனெனில் இரவல் வாங்கியதைத் திருப்பித் தந்தாக வேண்டும். சிகரெட், தீப்பெட்டி, வண்டியில் பின்னிருக்கை ஆகியவையே ஆங்கிலத்தில் ‘பம்’ செய்யப்படும் வழக்கமான பொருள்கள்.

தமிழ் எழுத்தில் ஒலிப்பைத் தருவதும் நல்ல முயற்சியே, சில இடங்களில் சிரிப்பு வந்தாலும். ‘மூச்’ என்று திரையில் பார்த்ததும், சிறுவயதில் சத்தம் போட்டபோதெல்லாம் கேட்ட அதட்டல் நினைவுக்கு வந்து, நான் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டேன். ‘லீச்’ என்ற சொல்லுக்கான அட்டையை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதையும் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பொருள் தரும் இடத்தில்தான் பாடம் சறுக்குகிறது. 24 அட்டைகளில் 17இல் ‘ஓசியில் பெறு’, ‘ஓசியில் வாழ்’, ‘ஓசிப் பேர்வழி’ என்ற மூன்றில் ஒன்றுதான் பொருளாகத் தரப்பட்டிருக்கிறது. ஓசி நல்ல சொல். கம்பெனி ஆட்சிக் காலத்தில் கட்டணமின்றிச் சென்ற அலுவல் கடிதங்களின் முத்திரையிலிருந்து அது வந்ததாக ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையானால், ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்கெல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்த ஒரு சொல்லையே தமிழாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றாகும். அது போகட்டும். காசு கொடுக்கவில்லை என்பதை மட்டுமே ஓசி சொல்லும். யாரிடமிருந்து வந்தது, எத்தனை நாளாக, கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா, வாங்கியவருக்குக் கூச்சம் இருந்ததா என்பவற்றைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆங்கிலச் சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது இந்த இடங்களில்தான்.

இத்தனைக்கும் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. ஒட்டிக்கொள்வது வேறு, ஒண்டிக்கொள்வது வேறு, அண்டிப் பிழைப்பது வேறு, கறப்பது வேறு. அடுத்தவர் தலையில் மிளகாய் அரைப்பவரிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. தண்டச்சோற்றிடம் அதுவும் இல்லை. புல்லுருவி என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் பிறகு அவரோடு பேச்சுவார்த்தை இருக்காது. கைமாற்று என்ற சொல்லில் திருப்பித் தரும் எண்ணமாவது இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரே சொல்லை 17 இடங்களில் ஒட்டவைத்ததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதனால் எனக்கு ஏற்பட்ட தர்மசங்கடத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் இருக்கும் ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர், பல ஆண்டுகளாகத் தாம் சேர்த்துவைத்திருந்த கலைச்சொல் பட்டியலை என்னோடு பகிர்ந்திருந்தார். நான் அதை ஒரு மாதமாகத் தினமும் பயன்படுத்தி வந்தேன். நன்றி சொல்லும்போது சற்றுச் செல்லமாகச் சொல்லலாமே என்று, அன்று காலை படித்த அட்டையை நம்பி, ஒரு மாதமாக உங்கள் உழைப்பை ‘லீச்’ செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். உங்கள் பட்டியலை ஓசியில் பயன்படுத்துகிறேன் என்ற அளவில்தான் அது என் மனத்தில் இருந்தது. அவரிடமிருந்து ஒரு வரி பதில் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒரு பத்தியே வந்தது: தாம் அப்படி ஒருபோதும் நினைத்ததில்லை என்றும், தம் பேச்சில் ஏதாவது அப்படித் தொனித்ததா என்றும், குழுவில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்றும் கேட்டிருந்தார். அட்டை போல் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் விளக்கி எழுதிய பிறகு, “ஸ்க்ரவுஞ்ச் அவே!” என்று இரண்டே சொற்களில் பதில் வந்தது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஆனால் நான் பயன்படுத்த வேண்டிய சொல் எது என்பதையும் அந்தப் பதிலிலேயே அவர் நயமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு 24 அட்டைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய சொற்கள் எவை, பிறரைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடியவை எவை என்று பிரித்துப் பார்த்தேன். இந்தப் பிரிவுக்கு ஓர் இலக்கண அடையாளம் இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. ‘பம்’, ‘கேட்ஜ்’, ‘ஸ்க்ரவுஞ்ச்’ ஆகிய வினைகளுக்கு ஒரு செயப்படுபொருள் வருகிறது: ஒரு பேனா, ஒரு சிகரெட், ஊர்வரை ஒரு சவாரி. கேட்கப்பட்ட பொருளின் பெயரைச் சொன்னவுடன் குற்றத்துக்கு ஓர் அளவு வந்துவிடுகிறது. பேனா அளவு குற்றத்துக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ‘ஸ்பஞ்ச்’, ‘லீச்’, ‘ஃப்ரீலோட்’ ஆகியவற்றின் இன்றைய வழக்கிலோ பெரும்பாலும் பொருளின் பெயர் வருவதில்லை. ‘ஆஃப்’ என்ற இடைச்சொல்லுக்குப் பின் ஆளின் பெயர்தான் வருகிறது. பெற்றோரை ‘ஸ்பஞ்ச்’ செய்கிறான் என்றால் எதை வாங்கினான் என்ற கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் அவன் வாழ்வதே அப்படித்தான் என்று வாக்கியம் தீர்ப்பளித்துவிட்டது. ‘மூச்’ மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது: அமெரிக்கர் ஒருவர் ஒரு வேளைச் சாப்பாட்டையும் ‘மூச்’ செய்யலாம், அண்ணன் வீட்டிலேயே தங்கி அவரை ‘மூச்’ செய்துகொண்டும் காலத்தை ஓட்டலாம், எங்கள் குழுவில் அந்தச் சொல் சிரிப்புக் குறியோடு வந்ததற்குக் காரணம் இந்த நெகிழ்ச்சிதான். அதே சொல்லை ‘அபௌட்’ என்ற துணையோடு ஓர் ஆங்கிலேயர் சொன்னால், வேலையின்றிச் சுற்றித் திரிவது என்று மட்டுமே பொருள். அதில் ஓசியும் இல்லை, பழியும் இல்லை. இந்த ‘ஆஃப்’ பற்றிப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதே இந்தச் செயலியின் மீது நான் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு.

வினைச்சொல் பெயர்ச்சொல்லாகும்போதும் எடை கூடிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் அவசரத்துக்கு ஒன்றை ‘ஸ்க்ரவுஞ்ச்’ செய்யலாம்; ஆனால் ஒருவரை ‘ஸ்க்ரவுஞ்சர்’ என்று சொன்னால் அது வசை. பிரிட்டனில் அரசின் உதவித்தொகை பெறுவோரை இழிவுபடுத்தப் பரபரப்பு நாளிதழ்கள் கையாளும் சொல் அது. ஆஸ்திரேலியாவில் இதே வேலையைச் செய்வது ‘டோல் பிளட்ஜர்’ என்ற தொடர். வேலையில்லாதோருக்கான உதவித்தொகையைக் குறிக்கும் ‘டோல்’ என்ற சொல்லோடு சேர்ந்து 1970களில் அரசியல் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் பரவியது. பாடமோ ‘பிளட்ஜர்’ என்பதற்கும் ‘ஓசிப் பேர்வழி’ என்று போட்டுவிட்டு, பக்கத்தில் சிரிக்கும் கங்காரு படம் ஒன்றையும் வைத்திருக்கிறது. கேலிக்கும் வெறுப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் படம் ஒரேயடியாக அழித்துவிடுகிறது. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணின் வருமானத்தில் வாழும் ஆணைக் குறித்த சொல்லாகத்தான் ‘பிளட்ஜர்’ முதலில் வழங்கியது. பிரிட்டனில் சிகரெட் கேட்பதற்குப் பயன்படும் ‘பான்ஸ்’ என்ற சொல்லின் பின்னணியும் அதுவே. இன்று சொல்பவர்களில் பலர் அதை நினைப்பதில்லை என்றாலும், வெளியிலிருந்து மொழியைக் கற்பவர் ஒரு மூத்தவர் முன்னால் அதை உதிர்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கேட்டு வாங்கும் சொற்களைத் தரம் பிரிப்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் கேட்பதற்குரிய சொற்கள் என்று எடுத்துக்கொண்டு, தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கும்போது ஈ என்றும், சமமானவரிடம் தா என்றும், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்கும்போது கொடு என்றும் வரும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பிக்க வந்த ஒரு பாடம் இந்த நூற்பாவைத்தான் முதலில் நினைத்திருக்க வேண்டும். ஆங்கிலக் கொச்சையில் அளவுகோல் வேறு: கேட்பவரின் தகுதி அங்கே கணக்கில் வருவதில்லை, கேட்டவரே சொல்கிறாரா, கொடுத்து அலுத்தவர் சொல்கிறாரா என்பதுதான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த ஒரு குறிப்பை அட்டையின் மூலையில் போட்டிருந்தாலே போதும், நான் அந்தப் பெண்மணியைக் கலவரப்படுத்தியிருக்க மாட்டேன்.

‘சொல்லின் கதை’ பகுதி இதற்கு நேர்மாறாகக் கவனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. வேறு ஒருவர் எழுதியிருக்க வேண்டும். ‘கேட்ஜ்’ என்ற வினைக்கு முன்னோடியான ‘கேட்ஜர்’ ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் குதிரை மேல் சரக்கேற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்றுத் திரிந்த சில்லறை வணிகரைக் குறித்தது; வீட்டு வாசலில் நின்று விற்றவரைக் குறித்த சொல் 19ஆம் நூற்றாண்டில் வாசலில் நின்று கேட்பவரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ‘ஸ்க்ரவுஞ்ச்’ முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாயில் புழங்கிப் பரவிய சொல். பங்கீட்டில் வராத விறகையோ போர்வையையோ எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்ப்பவனைத் திருடன் என்று சொல்லவும் மனம் வராமல், வாங்கினான் என்று சொல்லவும் முடியாமல் தவித்த இடத்தில் அது பொருந்தி உட்கார்ந்தது. இன்றுவரை அதில் ஒட்டியிருக்கும் கள்ளச் சிரிப்பு அப்போது வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ‘பம்’ அட்லாண்டிக்குக்கு அப்பால் பிறந்தது: சோம்பித் திரிபவரைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து அமெரிக்காவில் ‘பம்மர்’ உருவாகியிருக்கலாம் என்று கருதப்படுகிறது, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஊடாகச் சென்ற ஜெனரல் ஷெர்மனின் படையில், வழியிலுள்ள பண்ணைகளில் புகுந்து தீனி திரட்டியவர்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிரிட்டனில் ‘பம்’ என்ற பெயர்ச்சொல் பிட்டத்தைக் குறிக்கும் என்பதையும் அட்டை எச்சரிக்கிறது. உரிய இடத்தில் வந்த உரிய எச்சரிக்கை.

‘பாரசைட்’ என்ற சொல்லுக்கான கதைதான் பாடத்திலேயே சிறந்தது. கிரேக்க மொழியில் அதன் மூலச்சொல்லுக்கு ‘உணவுக்கு அருகில் இருப்பவர்’ என்பது நேர்ப்பொருள். பிறர் பந்தியில் அமர்ந்து, புகழ்ந்து பேசியும் சிரிக்கவைத்தும் வயிறு வளர்ப்பவர். கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் இவர் நிலையான ஒரு பாத்திரம். ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் வந்தபோதும் மனிதரைத்தான் குறித்தது. புழுவுக்கும் செடிக்கும் அது பெயரானது 18ஆம் நூற்றாண்டில். தமிழிலோ பயணம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது: புல்லுருவி மரத்தின் கிளையிலிருந்தும், ஒட்டுண்ணி உயிரியல் பாடத்திலிருந்தும், அட்டை ஈரக்காட்டிலிருந்தும் மனிதருக்கு வந்தவை. ஆங்கிலம் மனிதரைப் பார்த்துப் பூச்சிக்குப் பெயர் வைத்தது. நாம் பூச்சியைப் பார்த்து மனிதரைப் பெயரிட்டு அழைத்தோம். இதை எழுதத் தெரிந்தவரே தமிழ்ப் பொருள் பகுதியையும் எழுதியிருந்தால் இந்த விமர்சனம் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

சில சொற்கள் இந்தப் பாடத்துக்குள் வந்திருக்கவே கூடாது. ‘ஃப்ரீ ரைடர்’ இன்று கொச்சைச் சொல்லன்று. சீட்டு வாங்காமல் பயணம் செய்பவரைக் குறித்த தொடரைப் பொருளியலாளர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் பயனுக்கு ஒவ்வொருவரும் ஏன் பங்களிக்காமல் நழுவப் பார்க்கிறார்கள் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965இல் விளக்கியதிலிருந்து, அது கருத்தரங்குகளில் சூடில்லாமல் பேசப்படும் கலைச்சொல்லாகிவிட்டது. நண்பரைப் பார்த்து ‘ஃப்ரீ ரைடர்’ என்றால் அவருக்குக் கோபம் வராது. நீங்கள் ஏதோ கட்டுரை படித்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘லீச்சர்’ என்ற சொல்லும் கோப்புப் பகிர்வு உலகில் வேறு வாழ்க்கை வாழ்கிறது. 2001இல் வந்த பிட்டோரண்ட் முறையில், கோப்பு இன்னும் முழுமையாக வந்து சேராத எவரும் ‘லீச்சர்’தான், முழுதும் வந்த பின் தொடர்ந்து பிறருக்கு வழங்குபவர் ‘சீடர்’. அங்கே அது வெறும் நிலையைக் குறிக்கும் பெயராகவும், பெற்றுக்கொண்டு வழங்காமல் ஓடுபவரைத் திட்டும் பெயராகவும் இரண்டு விதமாகப் புழங்குகிறது. அட்டையில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

‘ஃப்ரீ லஞ்ச்’ இருக்கிறது; ஆனால் இலவச உணவு என்று ஒன்று கிடையாது என்ற பழமொழியாக மட்டும் இருக்கிறது. அந்தப் பழமொழிக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு சாப்பாடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மதுக்கடைகள், ஒரு கோப்பை மது வாங்குபவருக்குச் சாப்பாட்டைச் சும்மா கொடுத்தன; அந்தச் சாப்பாட்டில் உப்புக் கூடுதலாக இருக்கும், தாகம் எடுக்கும், அடுத்த கோப்பைக்குக் காசு வரும். இதைச் சொல்லியிருந்தால் பழமொழி மனத்தில் நின்றிருக்கும். நாடகக் கொட்டகையிலும் இரயிலிலும் இலவசச் சீட்டோடு வருபவரை அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ‘டெட்ஹெட்’ என்று அழைத்தார்கள். அதுவும் பாடத்தில் இடம்பெறவில்லை.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. ஓசியில் வாழ்பவருக்கு 24 சொற்களைக் கொடுத்த பாடம், எதிர்ப்பக்கத்துக்கு இரண்டே சொற்களைத்தான் கொடுக்கிறது: எளிதில் ஏமாறுபவரைக் குறிக்கும் ‘மக்’, கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவரைக் குறிக்கும் ‘சாஃப்ட் டச்’. தம் பங்கைத் தாமே கொடுப்பதைக் குறிக்கும் ‘பே யுவர் வே’, எல்லோரும் சேர்ந்து போடுவதைக் குறிக்கும் ‘சிப் இன்’, படகுத் துடுப்பு வலிப்பதிலிருந்து வந்த ‘புல் யுவர் வெயிட்’ போன்றவை இல்லை. ஒருவரை ஓசிப் பேர்வழி என்று குற்றம்சாட்ட ஆங்கிலேயர் பெரும்பாலும் வசைச்சொல்லை எடுப்பதே இல்லை என்பதால் இது வெறும் பட்டியல் குறையாக நிற்கவில்லை. மதுக்கடையில் ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லோருக்கும் வாங்கித் தரும் வழக்கம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. பிரிட்டனில் அந்த முறைக்கு ‘ரவுண்ட்’ என்று பெயர், ஆஸ்திரேலியாவில் ‘ஷவுட்’. அவர் ஒரு முறைகூடத் தம் ‘ரவுண்டை’ வாங்கியதில்லை என்று யாராவது அமைதியாகச் சொன்னால், 24 அட்டைகளும் சேர்ந்து செய்ய முடியாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்துவிடுகிறது. பில் வரும் நேரம் பார்த்துக் கைகழுவப் போய்விடுவான் என்று நாம் சொல்வதற்கு நேரான இடம் இது. அதைக் கற்றுக்கொள்ளாதவர், எதிரில் இருப்பவர் தம்மைத்தான் சொல்கிறார் என்பதே தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

நாடு வாரியான குறிப்புகள் அட்டையின் அடியில் சிறு கொடிகளாகப் போடப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் சரிதான். இத்திஷ் மொழியிலிருந்து வந்த ‘ஷ்னோரர்’ என்ற சொல்லுக்கு மட்டும் அமெரிக்கக் கொடியைப் போட்டு முடித்துக்கொண்டார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே அது கூச்சமே இல்லாமல், கேட்பது தன் உரிமை என்பது போலக் கேட்கும் இரவலரைக் குறித்தது. அந்த நெஞ்சழுத்தம்தான் அந்தச் சொல்லின் சுவை. ‘பிளட்ஜர்’ பதிவில் ஓர் அமெரிக்கக் குரல் ஆஸ்திரேலியச் சொல்லைப் பேசுகிறது; காதுக்கு அது ஒட்டவே இல்லை.

இவற்றையெல்லாம் செயலிக்குள் இருக்கும் கருத்துப் படிவத்தில் எழுதி அனுப்பினேன். ஒவ்வோர் அட்டையிலும் ‘தன்னைப் பற்றிச் சொல்லலாம்’, ‘பிறரைப் பற்றி மட்டும்’ என்று ஒரு சிறு அடையாளமும், செயப்படுபொருள் வருமா, ‘ஆஃப்’ வருமா என்று ஒரு வரியும் சேர்த்தால் போதும் என்று கேட்டிருந்தேன். பத்து நாளில் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. சென்ற வாரம் திறந்து பார்த்தபோது ‘பிளட்ஜர்’ அட்டையில் ஓர் ஆஸ்திரேலியக் குரல் பேசுகிறது, கங்காருவைக் காணவில்லை. ‘லீச்’ அட்டையில் கடுமையான சொல் என்ற சிவப்புக் குறி வந்திருக்கிறது. தமிழ்ப் பொருளில் இன்னும் ஓசிதான். சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த பாடம் கடன் வாங்குவதைக் குறிக்கும் சொற்களைப் பற்றியது என்று போட்டிருக்கிறார்கள், குரல் பதிவுகளுக்காக இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறேன்.